மற்றவர்களுக்குப் பத்து பங்கு

புனேவுக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. ஆனாலும் கணபதி பந்தலுக்கு மூங்கில் நட ஆரம்பித்தார்கள் என்றால் எனக்கு மோதகம் ஞாபகம் வருவதில்லை. ஒரு கோப்பில் நான் என் கையால் அடித்த ஒரு வரிதான் ஞாபகம் வருகிறது. அந்த வரியில் இருந்தது ஒரு பெயர், இரண்டு எண்கள், நடுவே முக்காற்புள்ளிகள். அவ்வளவுதான். அதனால் யாரும் சாகவில்லை, கம்பெனி மூழ்கவில்லை. ஆனால் சில பேர் பண்டிகைக்கு வெறுங்கையோடு ஊருக்குப் போனார்கள்.

அந்த வரி இருந்தது ஹெச்.பி.-யு.எக்ஸ் என்ற யூனிக்ஸ் சர்வரில். அதன் கடைசிப் பதிப்புக்கான வழக்கமான ஆதரவு 2025 டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிவதாக ஹெச்.பி.இ அறிவித்திருந்தது. அது ஓடிய இட்டானியம் சில்லுகளை இன்டெல் அனுப்புவது 2021 ஜூலையிலேயே நின்றுபோயிற்று. ஒரு காலத்தில் வங்கி, டெலிகாம், தொழிற்சாலை என்று எங்கு போனாலும் இருந்த பெட்டிகள். என் போன்றவர்கள் ஊரை விட்டு வந்து சோறு தின்றது அந்தப் பெட்டிகளால்தான். அதனால் நன்றிக்காகவும், ஒரு தப்பை ஒப்புக்கொள்வதற்காகவும் இதை எழுதுகிறேன். கம்ப்யூட்டர் ஆட்கள் அல்லாதவர்களும் படிக்கலாம். கண்மாய் பார்த்தவர்களுக்கு எளிதாகவே புரியும்.

சரி, கதைக்கு வருவோம். 2005. நான் வேலை பார்த்தது பிம்ப்ரி-சிஞ்ச்வட் பக்கம் ஒரு கம்பெனியில். பெயர் வேண்டாம். ஏழெட்டு யூனிட்டுகளுக்கும் சேர்த்து ஒரே பெரிய சர்வர், அதில் நாலு ப்ராஸஸர். அதன் மேல் மூன்று கூட்டம் உட்கார்ந்திருந்தது. முதலாவது, ஆர்டர் பதிவு. டிப்போக்களில் இருந்து காலை எட்டு மணிக்கு ஆரம்பித்து ராத்திரி எட்டு மணி வரைக்கும் ஆட்கள் தட்டிக்கொண்டே இருப்பார்கள். இரண்டாவது, எம்.ஐ.எஸ். மேலிடத்துக்கு ரிப்போர்ட் எடுப்பவர்கள். ஒருவர் ஒரு கேள்வியைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போவார், அது சர்வரையே அரை மணி நேரம் மென்று தின்னும். பதில் வர நேரமானால் அதே கேள்வியை இன்னொரு விண்டோவில் மறுபடி தட்டுவார். மூன்றாவது, ராத்திரியில் தானாக ஓடும் சில்லறை வேலைகள்.

தினமும் சண்டை. "ஆர்டர் ஸ்க்ரீன் தொங்குது" என்று டிப்போக்காரர்கள் போன் போடுவார்கள். எம்.ஐ.எஸ். ஆட்களைக் கேட்டால், "எங்களுக்கும் இதே மெஷின்தானே? டைரக்டர் கேட்கிறார்" என்பார்கள். என் மேலதிகாரி ஒரு நாள் கூப்பிட்டு, "இதுக்கு ஒரு வழி பண்ணு. யாருக்கு எவ்வளவுன்னு எழுதிப் போட்டுடு" என்றார். வழி இருந்தது. அதன் பெயர் ப்ராஸஸ் ரிசோர்ஸ் மேனேஜர், சுருக்கமாக பி.ஆர்.எம்.

நான் செய்ததைச் சொல்வதற்கு முன்னால், "யாருக்கு எவ்வளவு" என்ற கேள்வி கம்ப்யூட்டருக்குள் எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால்தான் என் தப்பு எந்த வகையைச் சேர்ந்தது என்பது விளங்கும்.

ஆரம்பத்தில் இந்தக் கேள்வியே கிடையாது. அட்டையில் துளை போட்டுக் கட்டாகக் கட்டி ஆபரேட்டரிடம் கொடுப்பீர்கள். உங்கள் முறை வந்தால் மெஷின் முழுக்க உங்களுக்கு. முறை வரவில்லை என்றால் ஒன்றுமே இல்லை. அந்த நிலையை மாற்றியது டைம் ஷேரிங். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் 1961 நவம்பரில், ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு சி.டி.எஸ்.எஸ். என்ற அமைப்பை ஓட்டிக் காட்டியது. ஒரே மெஷினை நொடிக்கும் குறைவான துண்டுகளாக நறுக்கி ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தால், ஒவ்வொருவரும் மெஷின் தனக்கே சொந்தம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஆனால் நறுக்கியதை எந்த வரிசையில் கொடுப்பது? கோர்பட்டோவும் கூட்டாளிகளும் 1962இல் எழுதிய கட்டுரையில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. பல வரிசைகள் உண்டு. சின்ன வேலை மேல் வரிசையில் நிற்கும், சீக்கிரம் முறை வரும். கொடுத்த நேரத்தில் முடிக்காவிட்டால் அடுத்த கீழ் வரிசைக்குத் தள்ளப்படும். அங்கே முறை தாமதமாக வரும், ஆனால் வரும்போது இரண்டு மடங்கு நேரம் கிடைக்கும். ரேஷன் கடையில் ஒரு கிலோ சர்க்கரைக்காரரை முன்னால் விட்டு, அஞ்சு கார்டோடு வந்தவரைக் கொஞ்சம் ஒதுங்கி நிற்கச் சொல்வது மாதிரி. நல்ல ஏற்பாடுதான். ஆனால் முன்வரிசைக் கூட்டம் குறையவே இல்லை என்றால் ஒதுங்கி நிற்பவர் நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான். கல்லூரியில் ஆப்பரேட்டிங் சிஸ்டம் படித்தவர்களுக்கு அந்தக் கதை தெரிந்திருக்கும்: எம்.ஐ.டி.யின் ஐ.பி.எம். 7094 மெஷினை 1973இல் நிறுத்தியபோது, 1967இல் கொடுத்த ஒரு வேலை இன்னும் காத்துக்கொண்டிருந்ததாம். பாடப்புத்தகமே அதை வதந்தி என்றுதான் சொல்கிறது. ஆனால் க்யூவில் நின்ற எவருக்கும் அது நம்பக்கூடிய வதந்திதான்.

அடுத்து யூனிக்ஸ். இதில் ஓடும் ஒவ்வொரு புரோகிராமும் ஒரு ப்ராஸஸ். ப்ராஸஸரை எவ்வளவுக்கு எவ்வளவு தின்கிறதோ அவ்வளவுக்கு அதன் முன்னுரிமை குறையும். சும்மா இருந்தால் பழைய கணக்கு கொஞ்சம் கொஞ்சமாக மறக்கப்பட்டு முன்னுரிமை ஏறும். சாப்பிட்டவன் பின்னால் போ, பசித்தவன் முன்னால் வா. இதோடு 1973இல் வந்த நான்காம் பதிப்பில் 'நைஸ்' என்று ஒரு கட்டளையும் சேர்ந்தது. பெயரைப் பாருங்கள். "என் வேலைக்கு அவசரமில்லை, மற்றவர்கள் முன்னால் போகட்டும்" என்று நீங்களாகவே சொல்வது. நைஸ் எண்ணைக் கூட்டுவது யார் வேண்டுமானாலும் செய்யலாம். குறைக்க, அதாவது முண்டியடிக்க, ரூட் அதிகாரம் வேண்டும்.

இருபது பேர் உள்ள ஆராய்ச்சிக்கூடத்தில் மரியாதை போதும். எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். ஆனால் துறைகள் சண்டை போடும் ஆபீஸில் யார் தானாக நைஸாக இருப்பார்கள்? எங்கள் எம்.ஐ.எஸ். ஆட்களிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். சிரித்தார்கள்.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. யூனிக்ஸ் சமமாகப் பிரித்துக் கொடுத்தது ப்ராஸஸ்களுக்கு, மனிதர்களுக்கு அல்ல. நீங்கள் ஒரு ப்ராஸஸ் ஓட்டுகிறீர்கள், நான் ஒன்பது ஓட்டுகிறேன். பத்தும் ப்ராஸஸரை விடாமல் கேட்டால் உங்களுக்கு 10 சதவீதம், எனக்கு 90. சட்டப்படி எல்லாம் சமம்தான். பந்தியில் ஒருவர் ஒன்பது இலை போட்டு உட்கார்ந்தால், இலைக்கு ஒரு கரண்டி என்ற நியாயம் என்ன நியாயம்? அதே கேள்வியை இரண்டு விண்டோவில் தட்டிய எம்.ஐ.எஸ். நண்பருக்கு இந்தத் தத்துவம் எதுவும் தெரியாது. ஆனால் பலன் தெரிந்திருந்தது.

இந்த ஓட்டையை அடைக்கும் யோசனைகள் வெவ்வேறு இடங்களில் வந்தன. மெஷினில் ஆளுக்கு இன்ன பங்கு என்ற எண்ணத்தை ஜே. லார்மத் 1975இலேயே எழுதியிருக்கிறார். யூனிக்ஸில் அது பெல் லேப்ஸ் வழியாக வந்தது. ஜி. ஜே. ஹென்றி எழுதிய 'ஃபேர் ஷேர் ஷெட்யூலர்' கட்டுரை, ஏ.டி.&டி.யின் தொழில்நுட்ப இதழ் 1984 அக்டோபரில் யூனிக்ஸுக்கென்றே போட்ட சிறப்பிதழில் வெளியானது. யோசனை ரொம்ப எளிது. பயனர்களைக் குழுக்களாகப் பிரி. ஒவ்வொரு குழுவுக்கும் இத்தனை பங்கு என்று முன்கூட்டியே எழுது. பிறகு குழுவுக்குள் எத்தனை ப்ராஸஸ் ஓடினாலும் மொத்தம் அந்தப் பங்குக்குள்தான்.

எங்களுக்கு எம்.சி.ஏ.வில் மாரிஸ் பாக் எழுதிய யூனிக்ஸ் வடிவமைப்புப் புத்தகம் பாடம். 1986இல் வந்த புத்தகம், எங்களிடம் இருந்தது ஜெராக்ஸ். அதில் இதற்கு ஒரு கணக்கு உண்டு. ஏ ஒரு குழுவில். பி, சி இரண்டும் இன்னொரு குழுவில். சாதாரண யூனிக்ஸில் மூன்றும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளும். ஃபேர் ஷேரில் பி ஓடினால் அதன் செலவு சி-யின் கணக்கிலும் ஏறும், ஒரே வீட்டுக்காரர்கள் என்பதால். முடிவில் ஏ, பி, ஏ, சி, ஏ, பி என்று முறை வரும். ஏ-வுக்குப் பாதி, மற்ற இருவருக்கும் கால் கால். பரீட்சைக்கு இதை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். அந்தக் கணக்கில் ஒரு கேள்வி ஒளிந்திருப்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை: யார் எந்தக் குழு என்று எழுதியது யார்?

இதே காலத்தில் ஆஸ்திரேலியாவில், சிட்னி பல்கலைக்கழகத்தில் ஜூடி கே, பியர்ஸ் லாடர் இருவரும் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். மாணவர்கள் நிறைய, மெஷின் குறைவு, அசைன்மென்ட் தேதி நெருங்கினால் தள்ளுமுள்ளு. அவர்கள் செய்த 'ஷேர்' என்ற ஷெட்யூலர் இந்த நொடியில் யார் எவ்வளவு தின்கிறார்கள் என்பதோடு நிற்காமல், கடந்த நாட்களின் செலவையும் நினைவில் வைத்திருந்தது. நாளாக ஆகப் பழைய செலவின் எடை பாதி பாதியாகக் குறையும். அளவாகச் செலவழித்து வந்தவர் கடைசி நாளில் வந்தால் அவருக்கு மரியாதை. நேற்றெல்லாம் மெஷினை ஆண்டவர் இன்று கொஞ்சம் காத்திருக்கட்டும். துறைக்கு இவ்வளவு, துறைக்குள் வகுப்புக்கு இவ்வளவு, வகுப்புக்குள் ஆளுக்கு இவ்வளவு என்று பங்கை அடுக்கடுக்காகவும் பிரிக்கலாம். 1988 ஜனவரியில் ஏ.சி.எம். இதழில் வந்த அவர்களுடைய கட்டுரையின் சாரம் ஒரே வரிதான்: ப்ராஸஸ்களுக்கு நியாயம் செய்வது வேறு, மனிதர்களுக்கு நியாயம் செய்வது வேறு.

தொண்ணூறுகளில் இது கடைச் சரக்கானது. காரணம் பணம்தான். துறைக்கு ஒரு சர்வர் வாங்கிக் கட்டுப்படி ஆகாமல், எல்லாவற்றையும் ஒரே பெரிய பெட்டியில் ஏற்ற ஆரம்பித்தார்கள். ஒரே வீட்டில் கூட்டுக்குடித்தனம் என்றாலே அடுப்படிக்குச் சட்டம் வேண்டும். ஐ.பி.எம். தன் மெயின்பிரேமில் 1994இல் வொர்க்லோட் மேனேஜரைக் கொடுத்தது. அதில் பங்கைச் சொல்ல வேண்டாம், "இந்த வேலை இத்தனை நொடிக்குள் முடிய வேண்டும்" என்று இலக்கைச் சொல்லலாம். ஏ.ஐ.எக்ஸ். யூனிக்ஸுக்கு 1999இல் பங்கு, குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று மூன்றும் வந்தன. சன் கம்பெனி விற்ற சோலாரிஸ் ரிசோர்ஸ் மேனேஜர், மேலே சொன்ன சிட்னி ஷெட்யூலரின் வழிவந்த சரக்குதான். 2002இல் சோலாரிஸ் 9 வந்தபோது ஃபேர் ஷேர் ஷெட்யூலர் அதற்குள்ளேயே சேர்ந்துவிட்டது. ஹெச்.பி.யிடம் இருந்தது நம் பி.ஆர்.எம்.

பி.ஆர்.எம். ஒரே ஒரு கோப்பைப் படிக்கும். அதில் குழுவுக்கு ஒரு வரி: பெயர், ஒரு எண், பங்கு. கீழே எந்தப் பயனர் எந்தக் குழு என்ற பட்டியல். ரூட்டின் வேலைகள் மெஷினின் சொந்தக் குழுவுக்குப் போகும். பட்டியலில் பெயர் இல்லாத அத்தனை பேரும் எண் 1 கொண்ட குழுவில் விழுவார்கள். அந்தக் குழுவின் பெயர் 'அதர்ஸ்'. மற்றவர்கள்.

பங்கு என்பது சாதாரணமாக ஒரு தரை. எம்.ஐ.எஸ்.ஸுக்கு 30 என்றால், எல்லோரும் முட்டி மோதும்போதும் 30 சதவீதம் நிச்சயம். மற்றவர்கள் சும்மா இருந்தால் அது நூறு வரைக்கும் எடுத்துக்கொள்ளலாம். எங்கள் சிவகங்கைப் பக்கம் கண்மாய்த் தண்ணீர் முறையும் கிட்டத்தட்ட இதுதான். மடைக்கு மடை முறை உண்டு. ஆனால் ஒருவர் வயலில் அறுப்பு முடிந்துவிட்டது என்றால் அவர் முறைத் தண்ணீரை நீர்க்கட்டி அடுத்த வயலுக்குத் திருப்பிவிடுவார். தண்ணீரை யாரும் சும்மா வைத்திருக்க மாட்டார்கள்.

பி.ஆர்.எம்.மில் இன்னொரு வசதியும் இருந்தது. பங்கைக் கூரையாக மாற்றுவது. 30 என்றால் 30தான். மெஷின் காலியாகக் கிடந்தாலும் அதற்கு மேல் கிடையாது. இதற்கும் நியாயமான காரணம் உண்டு. புது மெஷினில் முதல் மாதம் பத்துப் பேர்தான் இருப்பார்கள், பறக்கும். ஆறு மாதத்தில் நூறு பேர் வந்ததும் அந்தப் பத்துப் பேரும் "மெஷின் படுத்துவிட்டது" என்பார்கள். முதலிலேயே கூரை போட்டுவிட்டால் அந்த ஏமாற்றம் இல்லை. துறைகளிடம் உபயோகத்துக்கு ஏற்பக் காசு வசூலிக்கும் இடங்களிலும் கூரை வேண்டும்.

நான் எழுதியது இது: ஆர்டர் 60, எம்.ஐ.எஸ். 30, மற்றவர்கள் 10. மொத்தம் நூறு, பார்க்க அழகாக இருந்தது. முதல் வாரம் தரையாக மட்டும் வைத்தேன். நன்றாக ஓடியது. ஆனால் எம்.ஐ.எஸ். ஆட்கள் ஆர்டர் குறைவான நேரத்தில் 80, 90 என்று எடுத்தார்கள். அதைத் திரையில் பார்த்த ஆர்டர் பகுதி அதிகாரி, "முப்பதுன்னு சொன்னீங்களே, இது என்ன?" என்று கிளம்பினார். யாருக்கும் குறையவில்லை, காலியாக இருப்பதைத்தான் எடுக்கிறார்கள் என்று விளக்கினேன். அவர் ஏற்கவில்லை. மேலதிகாரி, "சண்டை வேண்டாம், கூரை போட்டுடு" என்றார். நானும் அதிகம் யோசிக்காமல் போட்டேன். எங்கள் பதிப்பில் கூரை என்றால் எல்லாக் குழுவுக்கும் சேர்த்துத்தான். அது 2005 ஆகஸ்ட் மாதக் கடைசி.

அந்த வருஷம் கணேஷ் சதுர்த்தி செப்டம்பர் 7, புதன்கிழமை. மகாராஷ்டிராவில் அன்று வங்கி விடுமுறை. அதனால் சம்பளம் 6ஆம் தேதியே என்று எல்லா யூனிட்டிலும் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். நிரந்தரத் தொழிலாளர்களுக்கு வங்கிக் கணக்கில். கான்ட்ராக்ட் ஆட்களுக்குக் கவரில் பணமாக. கொங்கணப் பகுதி ஆட்கள் நிறையப் பேர். ரத்னகிரி, சிப்ளூண் பக்கத்துக்காரர்களுக்கு நம் பொங்கல், தீபாவளி எல்லாம் சேர்ந்தது இந்த கணபதி. ஊருக்குப் போகாமல் இருக்க மாட்டார்கள். 6ஆம் தேதி முதல் ஷிஃப்ட் மூன்றரைக்கு முடிந்ததும் கவரை வாங்கிக்கொண்டு ஸ்வார்கேட் போய் எஸ்.டி. பஸ் பிடிப்பதாகத் திட்டம்.

சம்பளக் கணக்கு புரோகிராம் பழைய கோபால் சரக்கு. 5ஆம் தேதி திங்கள் ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்தது. வழக்கமாக எட்டு ப்ராஸஸாகப் பிரிந்து நாலு ப்ராஸஸரையும் பிடித்துக்கொண்டு மூன்று மணி நேரத்தில் முடித்துவிடும். அதாவது பன்னிரண்டு ப்ராஸஸர்-மணி வேலை.

அது எந்தப் பயனர் பெயரில் ஓடுகிறது என்று நான் பார்த்ததே இல்லை. எப்போதோ யாரோ உருவாக்கிய பழைய கணக்கு ஒன்று. என் பட்டியலில் அந்தப் பெயர் இல்லை. மாதத்துக்கு ஒரு ராத்திரி ஓடுவதைப் பற்றி யாரும் என்னிடம் சண்டைக்கு வந்ததில்லை. சண்டைக்கு வந்தவர்களைத்தான் நான் பட்டியலில் எழுதியிருந்தேன். சம்பளம் 'மற்றவர்கள்' குழுவில் விழுந்தது. பத்து சதவீதக் கூரை. நாலு ப்ராஸஸரில் பத்து சதவீதம் என்றால் 0.4. பன்னிரண்டை 0.4ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். முப்பது மணி நேரம்.

மறுநாள் காலை ஒன்பதே காலுக்கு டைம் ஆபீஸ் காகா என் மேஜைக்கு வந்தார். மராத்திக்காரர், ரிட்டயராக ஒரு வருஷம் இருந்தது, எல்லோருக்கும் அவர் காகாதான். "சாஹேப், சம்பள ஃபைல் இன்னும் வரலையே?" என்றார். மெஷினில் கோளாறு எதுவும் இருக்காது என்று சொல்லிக்கொண்டே திறந்து பார்த்தேன். ராத்திரி முழுக்க மெஷின் தொண்ணூறு சதவீதம் காலி. அதைத்தான் பெருமையாகச் சொன்னேன். "பாருங்க காகா, லோடே இல்லை."

அவர் திரையையும் என்னையும் பார்த்தார். "மெஷின் சும்மா இருந்துச்சுன்னு சொல்றீங்க. வேலையும் நடக்கலை. அப்ப யாருக்காக சாஹேப் சும்மா இருந்துச்சு?"

அந்த நொடியில்தான் எனக்கு அடிவயிறு கலங்கியது. பி.ஆர்.எம். கண்காணிப்புத் திரையைத் திறந்தால், மற்றவர்கள் குழு 10க்கு 10. கடமை தவறாமல் காவல் காத்திருக்கிறது. ஆளே இல்லாத ஆர்டர் குழுவின் 60 பங்கையும் எம்.ஐ.எஸ்.ஸின் 30 பங்கையும் ராத்திரி முழுக்க யாரும் தொடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது.

கூரையை எடுத்தேன். மற்றவர்கள் பங்கை 40 ஆக்கினேன். ஆனால் அதற்குள் ஆர்டர் பதிவு நேரம் ஆரம்பித்துவிட்டது. எம்.ஐ.எஸ். ஆட்களைக் கையைக் காலைப் பிடித்து மத்தியானம் வரை எதுவும் ஓட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அவர்கள் ஒரு வார்த்தை பேசாமல் நிறுத்தினார்கள். அதை இங்கே சொல்லியாக வேண்டும். அப்படியும் கணக்கு முடிய மதியம் ஒன்றரை ஆயிற்று. வங்கிக்கான ஃபைல் எப்படியோ போய்ச் சேர்ந்தது. நிரந்தரத் தொழிலாளர்களுக்கு அன்றே வந்துவிட்டது.

கவர் சம்பளம்தான் சிக்கியது. மொத்தத் தொகை தெரிந்தால்தான் வங்கியில் பணம் எடுக்க முடியும். எடுத்து, எண்ணி, கவரில் போட்டு, கையெழுத்துப் பட்டியலோடு யூனிட் யூனிட்டாக அனுப்ப வேண்டும். விநியோகம் ஆரம்பித்தபோது ஏழு மணி. மூன்றரைக்கு ஷிஃப்ட் முடிந்தவர்கள் கேட்டருகே உட்கார்ந்திருந்தார்கள். சிலர் பஸ்ஸை விட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். சிலர் கூலி வாங்காமலே பஸ் ஏறிவிட்டார்கள். எத்தனை பேர் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

எனக்குத் திட்டு விழவில்லை என்பதுதான் வேடிக்கை. மேலதிகாரியின் ரிப்போர்ட்டில் "தொழில்நுட்பக் காரணம்" என்று இரண்டு வார்த்தையோடு போய்விட்டது. அது தொழில்நுட்பக் காரணமே இல்லை. மெஷின் நான் எழுதியதை எழுத்துப் பிசகாமல் செய்தது. யார் சத்தம் போடுகிறார்களோ அவர்கள் பெயரை எழுதி, சத்தம் போடாதவர்களை ஒரே மூட்டையாகக் கட்டிப் பத்து என்று போட்டது நான்.

இந்தக் கதை ஹெச்.பி.-யு.எக்ஸோடு முடிந்துபோனது என்று நினைக்காதீர்கள். 2006இல் கூகுளில் பால் மெனாஜ், ரோஹித் சேத் இருவரும் லினக்ஸுக்காக ஆரம்பித்த குழு ஏற்பாடு, 'சி-குரூப்' என்ற பெயரில் 2008 ஜனவரியில் வந்த 2.6.24 கெர்னலில் சேர்ந்தது. அதற்கு முந்தைய பதிப்பில்தான் இங்கோ மோல்னாரின் புது ஷெட்யூலர் வந்திருந்தது. ப்ராஸஸுக்குப் பதில் குழுவுக்கு நியாயம் செய்யும் வேலையை அதில் சேர்த்தவர் ஐ.பி.எம். இந்தியாவில் இருந்த ஸ்ரீவத்ஸ வட்டகிரி. கெர்னல் மூலநிரலின் தலைப்பிலேயே அவர் பெயர் இருந்தது. முதலில் வந்தது பங்கு மட்டும், அதாவது தரை. கூரை பிறகுதான் வந்தது, 2012 ஜனவரியில் 3.2 கெர்னலோடு. அதற்கான கட்டுரையை 2010இல் எழுதிய மூவரில் கூகுளின் பால் டர்னரும் ஐ.பி.எம். இந்தியாவின் பரத பி. ராவும் உண்டு.

2013இல் டாக்கர், 2014இல் குபர்னெட்டீஸ் வந்த பிறகு இந்த இரண்டும் 'ரிக்வெஸ்ட்', 'லிமிட்' என்று புதுப்பெயர் வாங்கின. ரிக்வெஸ்ட் தரை, லிமிட் கூரை. லிமிட் 0.4 என்று எழுதினால், வழக்கமான அமைப்பில் ஒவ்வொரு 100 மில்லிசெகண்டிலும் 40 மில்லிசெகண்ட்தான் ஓடலாம். மிச்ச 60க்கு மெஷின் காலியாக இருந்தாலும் கையைக் கட்டி நிற்க வேண்டும். என்னுடைய அதே 0.4! இன்றைக்கும் எங்கள் டீமில் ஒரு பையன் வந்து, "சார், சி.பி.யூ. காலியா இருக்கு, ஆனா ஆப் ஸ்லோ" என்பான். நான் காகாவின் கேள்வியை அவனிடம் கேட்பேன். யாருக்காகப்பா காலியா இருக்கு?

ஆக, 1961இலிருந்து பார்த்தால் ஒரு நீண்ட பாதை தெரிகிறது. முதலில் வேலைகளுக்கு முறை வைத்தார்கள். பிறகு ப்ராஸஸ்களுக்கு, பிறகு மனிதர்களுக்கு, பிறகு குழுக்களுக்கு. ஒவ்வொரு படியிலும் பிரிக்கும் கணக்கு நுட்பமாகிக்கொண்டே வந்தது. பிரிப்பது மெஷினுக்குக் கஷ்டமான வேலையே இல்லை. ஆனால் பட்டியலை எழுதும் கை இன்னும் நம் கைதான். ஷெட்யூலருக்குச் சம்பளம் என்றால் என்ன, கணபதி என்றால் என்ன, சிப்ளூண் பஸ் எத்தனை மணிக்கு என்று எதுவும் தெரியாது. தெரிய வேண்டியது பட்டியல் எழுதுகிறவனுக்கு.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு இரண்டு பழக்கம் வைத்துக்கொண்டேன். எந்த மெஷினிலும் பங்கு எழுதுவதற்கு முன்னால், முழுதாக ஒரு மாதக் கணக்கை எடுத்துப் பார்த்து, மாதத்தில் ஒரே ஒரு நாள் தலை காட்டும் வேலை எது என்று தேடுவேன். இரண்டாவது, மற்றவர்கள் குழுவுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று பெயர் பெயராகப் பார்க்காமல் அதற்கு எண் போட மாட்டேன்.

காகா அடுத்த வருஷம் ரிட்டயரானார். பிரிவுபசாரத்துக்கு நானும் போயிருந்தேன். அந்த ராத்திரியைப் பற்றி அவர் அதற்குப் பிறகு பேசியதே இல்லை. பேடா டப்பாவை என் கையில் கொடுத்து, "எல்லாருக்கும் வந்துச்சான்னு பார்த்து நீங்களே கொடுங்க சாஹேப்" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். வாசலில் நின்ற செக்யூரிட்டி ஆட்கள் வரைக்கும் கொடுத்துவிட்டுத்தான் எனக்கு ஒன்று எடுத்துக்கொண்டேன்.